உறிஞ்சுவதா, இழுப்பதா

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டால் அதை வெளியே எடுக்க இரண்டு வழிகள் உண்டு. தொடை இடுக்கில் சின்னதாகத் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, வயிறு, நெஞ்சு, கழுத்து என்று ஏற்றி மூளை வரைக்கும் கொண்டுபோவது இரண்டுக்கும் பொது. அதற்கப்புறம்தான் வழி பிரிகிறது. ஒன்று, குழாயின் வாயைக் கட்டியின் மேல் வைத்து, பம்பைப் போட்டு உறிஞ்சி எடுப்பது. மற்றது, கம்பிவலை ஒன்றைக் கட்டிக்குள் விரித்துவிட்டு, கட்டி அதில் நன்றாகச் சிக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, வலையோடு இழுத்துவிடுவது.

எது மேல் என்று பார்க்க அந்த ஆஸ்பத்திரியில் இரண்டரை வருடமாக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். எல்லோரும் அவரைக் ‘கவர் சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். காரணம், நோயாளியின் வீட்டார் கையெழுத்துப் போட்டதும் அவர் ஒட்டிய கவர் ஒன்றைக் கிழிப்பார். உள்ளே இருக்கும் சீட்டில் ‘உறிஞ்சல்’ அல்லது ‘வலை’ என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கும். அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் டாக்டர் முதலில் செய்வார். டாக்டருக்கும் தேர்வு கிடையாது, வீட்டாருக்கும் கிடையாது.

அவசரப் பிரிவுக்காரர்கள், “கவர் சிஸ்டர் வந்தாச்சு, குலுக்கல் ஆரம்பிக்கலாம்” என்று கேலி பேசுவார்கள். அவருக்குக் கோபம் வரும். குலுக்கல் இல்லை, எது மேல் என்று நிஜமாகவே யாருக்கும் தெரியாததால்தான் இப்படிச் செய்கிறோம் என்று விளக்குவார். அதே விளக்கத்தை நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களுக்குச் சொல்லியிருந்தார். நான்கு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். மூளைக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் இருபது லட்சம் செல்கள் செத்துப்போகின்றன. கேட்பவர்கள் பாதியைத்தான் கேட்பார்கள். கடைசியில் பெரும்பாலும் ஒரே கேள்வி வரும். “உங்க வீட்டு ஆளா இருந்தா நீங்க எதைச் செய்யச் சொல்வீங்க?”

“எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்லிடுவேன்.”

அது முழு உண்மை இல்லை. மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதும் அவர் வேலைதான். பூஜ்யத்திலிருந்து ஆறு வரைக்கும் மதிப்பெண். பூஜ்யம் என்றால் பழையபடி ஆகிவிட்டார், ஆறு என்றால் ஆள் இல்லை. மொத்தக் கணக்கு எல்லாம் வேறு கட்டடத்தில் ஒரு புள்ளியியல்காரரிடம் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் காது என்று ஒன்று இருக்கிறதே. உறிஞ்சல் போட்டவர்கள் தாங்களே போனை எடுத்து, “ஹலோ, யாரு?” என்று கேட்ட ஆறேழு சந்தர்ப்பங்கள் அவர் மனதில் தங்கிவிட்டன. வலை போட்டவர்களுக்கு மனைவியோ மகனோ எடுத்தது போல ஒரு நினைப்பு. ஆறேழு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தாலும் நினைப்பு போகவில்லை.

அவருடைய கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். வயது ஐம்பத்தொன்று. வாய் ஓயாது. “நீ தலைக்குள்ள டிராபிக்கைப் பாக்கிற, நான் ரோட்டுல பாக்கறேன். ரெண்டு பேருக்கும் அடைப்புதான் பொழைப்பு” என்பார். தன்னிடம் படிக்க வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பார். அந்த மாதம் வந்துகொண்டிருந்த தையல் கடைக்கார அம்மாவுக்குக் ‘கிளட்ச் மேடம்’ என்று பெயர். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்த கால் அது. கிளட்சையும் அதே தாளத்தில் மிதித்து மிதித்து விடும். கார் குதித்துக் குதித்து நின்றுவிடும். “மேடம், இது துணி தைக்கிற மெஷின் இல்ல, ரோட்டைத் தைச்சுடாதீங்க” என்று தான் சொன்னதாக வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை காலை, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளில்லாத சாலையில் பயிற்சி. பத்தே முக்கால் இருக்கும். “ஓரமா ஒதுக்குங்க” என்று சொல்ல வந்தவர் வேறு ஏதோ சொன்னார். வார்த்தை மாதிரி இருந்தது, வார்த்தையாக இல்லை. தையல்காரம்மா தன்னைத்தான் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் மாஸ்டரின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியிலிருந்து வழுக்கி விழுந்து தொங்கியது.

பாடம் நடக்கும்போது போன் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். அந்த அம்மாவின் போன் கடையில் இருந்தது. மாஸ்டரின் போனைத் திறக்கத் தெரியவில்லை. சாலையில் ஓர் ஆள் இல்லை. ஆகவே அவரே ஓட்டினார். அதற்கு முன் ஒரு நாளும் மெயின் ரோட்டில் ஓட்டியதில்லை. சொல்லிக்கொடுக்கும் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. உணர்விழந்த அவருடைய வலது கால் அதன் மேல் போய்ப் போய் விழுந்தது. விழும்போதெல்லாம் கார் நின்றுவிடும். அந்த அம்மா குனிந்து, காலைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்துவிட்டு, மறுபடி கிளப்புவார். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

கவர் சிஸ்டரின் அறைக்குப் போன் வந்தது. “ஸ்ட்ரோக் கேஸ், சிஸ்டர். ஐம்பது வயசு சுமார், ஆண். இடது மூளை. பேச்சு இல்ல. கூட வந்தவங்க சொந்தம் இல்லையாம்.” அவர் நூற்று நாற்பத்து நான்காம் கவரையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு கீழே போனார்.

ஸ்கேன் அறையில் நோயாளியின் உடம்பு பாதி மெஷினுக்குள் இருந்தது. முதலில் கால்தான் தெரிந்தது. வலது ஷூவின் அடி மட்டும் தேய்ந்து, விளிம்பில் பிசின் வைத்து ஒட்டியிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேடையில் வைத்து ஒட்டிக்கொடுத்தது கவர் சிஸ்டரேதான். புது ஷூ வாங்குங்கள் என்று அதற்காக ஒரு சண்டையும் நடந்திருந்தது.

கையிலிருந்த படிவங்கள் தரையில் விழுந்தன. யார் பொறுக்கினார்கள் என்று அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. இடது பக்கப் பெரிய ரத்தக்குழாயில், நீளமாக. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டாயிற்று. இவ்வளவு பெரிய கட்டிக்கு ஊசி மட்டும் போதாது என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையில் படுத்திருந்த மாஸ்டர் கண்ணைத் திறந்துதான் இருந்தார். மனைவியைப் பார்த்தார். பார்வை இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று.

“ஏங்க… நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க.”

அவர் ஏதோ சொன்னார். நாக்கு புரண்டது. அவ்வளவுதான்.

தன் கணவரையே ஆய்வில் சேர்க்கத் தானே ஒப்புதல் வாங்க முடியாது. அது விதி. அதனால் பயிற்சியில் இருந்த சின்ன டாக்டர், இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண், படிவத்தை எடுத்துக்கொண்டு அவரெதிரே வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கிவிட்டதே கவர் சிஸ்டர்தான். இப்போது அவள் தாளைப் பார்த்தே வாசித்தாள்.

“இந்த ஆய்வில் பங்கேற்பது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். நீங்கள் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில்…”

அந்த வாக்கியங்களை எழுதியவர் கவர் சிஸ்டர். மூன்று தடவை திருத்தி, பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரிய வேண்டும் என்று சொல் சொல்லாக மாற்றி எழுதியது. ஒன்றும் காதில் ஏறவில்லை. வாய் அசைவது தெரிந்தது. இவ்வளவு பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று தோன்றியது. தலையாட்டினார்களே, எல்லோரும் தலையாட்டினார்களே.

“சிஸ்டர், கேக்கறீங்களா?”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டு நிமிஷம்.”

நாற்பது லட்சம் என்று மனதுக்குள் ஓடியது.

பெரிய டாக்டர் பச்சை உடையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இந்த ஆய்வை நடத்துகிறவர் அவர்தான். பத்து வருடமாகக் கூட வேலை பார்ப்பவர். கவர் சிஸ்டர் எழுந்து அவர் பக்கத்தில் போனார்.

“டாக்டர், உங்க வீட்டு ஆளா இருந்தா?”

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. டாக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

“தெரியாது சிஸ்டர். உங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது. ரெண்டும் எனக்குக் கைவந்ததுதான். கட்டி கொஞ்சம் நீளமா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்.”

“கவர் வேண்டாம் டாக்டர். நான் கையெழுத்துப் போடல. உறிஞ்சி எடுத்துடுங்க.”

“நிச்சயமாவா?”

“உறிஞ்சிடுங்க.”

டாக்டர் “சரிம்மா, அப்படியே செய்யறேன்” என்று உள்ளே போய்விட்டார். அதுவரைக்கும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

மற்ற நாட்களில் அவர் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் நின்று நேரம் குறிப்பார். துளை போட்ட நேரம், குழாய் மேலே போய்ச் சேர்ந்த நேரம், முதல் முயற்சி, இரண்டாவது முயற்சி. இன்றைக்கு வெளியே இரும்பு பெஞ்சு. பக்கத்தில் தையல்காரம்மா. கார் சாவியை இன்னும் கையில் பிடித்திருந்தார். உள்ளங்கையில் சாவியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“நாலு தடவை நின்னுபோச்சும்மா. வேற யாராவது ஓட்டியிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பாங்க. நான் பாவி, அவர் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொடுத்தாரு, எனக்கு அந்தக் கிளட்சு…”

“நீங்க இல்லேன்னா இங்கயே வந்திருக்க மாட்டாரு.”

வாய் அதைச் சொன்னது. மனசு இருபத்தைந்து நிமிடத்தை இருபது லட்சத்தால் பெருக்கிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. ஐந்து கோடி. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையையே தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது.

வேறு ஊரில் படிக்கும் மகள் போனில் அழுதாள். “அம்மா, நீ அங்கதானே வேலை பாக்கற? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. உள்ள போய் ஏதாவது செய்யேன்மா!”

“செஞ்சிட்டிருக்காங்க கண்ணு.”

“நீ செய்யேன்!”

பஸ் பிடித்து வா என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சுவருக்கு அந்தப்பக்கம் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. வேறு யாருக்காவது அது ஏசி சத்தம் மாதிரி இருந்திருக்கும். அவருக்கு ஒவ்வொரு ஓசையும் தெரியும். பம்ப் போட்டால் குழாய் கட்டியைக் கவ்விவிட்டது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் ஓடி நின்றது. நின்றதும் உள்ளே யாராவது “வந்துடுச்சு” என்பார்கள். அந்தக் குரல் எவ்வளவு மெதுவாக வந்தாலும் கதவைத் தாண்டி வந்துவிடும். வரவில்லை.

மறுபடி பம்ப். மறுபடி நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை பம்ப் ஓடவே இல்லை. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம், உறை கிழிக்கும் சத்தம். வலைக்கு மாறுகிறார்கள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது வலையை விரித்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் உள்ளே எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஒருத்தர் மூக்கைச் சொறிவார். சின்ன டாக்டர் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பாள். இத்தனை நாளும் அவரும் அந்த ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டிருக்கிறார்.

“என்னம்மா நடக்குது உள்ள?” என்று தையல்காரம்மா கேட்டார்.

“காத்திருக்காங்க.”

“எதுக்கு?”

“கட்டி வலைல சிக்கறதுக்கும்மா. காத்திருக்கணும்.”

ஒன்றே கால் மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நல்ல செய்தியை நின்றுகொண்டே சொல்வார் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

“திறந்துட்டோம். ஆனா முழுசா இல்ல. கட்டி ரப்பர் மாதிரி இருந்துச்சு. உறிஞ்சினப்ப அசையவே இல்ல. வலைல முக்கால்வாசி வந்துடுச்சு. வர்றப்போ ஒரு துண்டு உடைஞ்சு ஒரு கிளைக்குள்ள போயிடுச்சு. ரொம்பச் சின்ன கிளை, அங்க போய் எடுக்கறது ஆபத்து. விட்டுட்டேன்.”

“எந்தக் கிளை?”

டாக்டர் சொன்னார். பேச்சுக்கும் வலது கைக்கும் ரத்தம் கொண்டுபோகிற கிளை.

“முதல்லயே வலை போட்டிருந்தா?”

“சிஸ்டர்…”

“சொல்லுங்க டாக்டர்.”

“முழுசா வந்திருக்கலாம். இதே மாதிரி உடைஞ்சிருக்கலாம். இதைவிட மோசமாவும் போயிருக்கலாம். உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் செய்ய முடியும். மத்ததைச் செஞ்சிருந்தா என்னன்னு எப்படிச் சொல்ல?”

அதுவும் படிவத்தில் இருக்கிற வாக்கியம்தான், கொஞ்சம் வேறு வார்த்தைகளில். அவர் தலையாட்டினார்.

மாஸ்டர் பிழைத்தார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கால் மெல்ல மெல்ல வந்துவிட்டது. கட்டிலைப் பிடித்து நின்றார், பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. எதைக் கேட்டாலும் “சரி.” தண்ணி வேணுமா? சரி. வலிக்குதா? சரி. இவள் யார் என்று மகளைக் காட்டிக் கேட்டாலும், சரி. சொல்ல வந்தது அது இல்லை என்பது அவருக்கே தெரியும். கண்ணில் ஒரு பதற்றம் வரும், மறுபடி முயற்சி செய்வார், அதே “சரி” வந்து விழும். இடது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நின்றுவிடும், நாளாக நாளாக மற்றவை வரலாம், வராமலும் போகலாம் என்றாள். வாய் ஓயாத மனிதர். அந்தத் தெருவே அவர் குரலைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும்.

இரண்டு மாத விடுப்புக்குப் பிறகு கவர் சிஸ்டர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே பதிவேட்டைத் திறந்தார். திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தார். நூற்று நாற்பத்து நான்காம் கவரை இரண்டு நாள் கழித்து வந்த வேறொருவருக்காகச் சின்ன டாக்டர் கிழித்திருந்தாள். எதிரே எழுதியிருந்தது: வலை.

ஒரு மாதம் கழித்து அந்த நோயாளிக்குப் போன் போட வேண்டிய முறை வந்தது. வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். அவரே போட்டார். ஒரு பெண் குரல். மருந்துக்கடை வைத்திருப்பவர்.

“ஐயோ சிஸ்டர், ரொம்ப நல்லா இருக்கேன். நேத்து மூணு மாடி ஏறினேன். விரல் மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“சந்தோஷம்மா.” ஒன்று என்று மதிப்பெண் போட்டார். வேறு ஆள், வேறு கட்டி, வேறு குழாய். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தப் பாடத்தை இத்தனை பேருக்கு நடத்தியவர்தான். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஆய்வு முடிந்தது. கூட்ட அறையில் புள்ளியியல்காரர் திரையில் எண்களைக் காட்டினார். உறிஞ்சலுக்கும் வலைக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மூன்று மாத முடிவில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. யாரோ கை தட்டினார்கள். பெரிய டாக்டர் திரும்பிக் கவர் சிஸ்டரைப் பார்த்தார். இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் பார்வை சொன்னது. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான் என்று அந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் அவை நூற்றறுபது பேரைப் பற்றிச் சொல்கின்றன. ஆய்வில் அவர் கணவர் இல்லை. கையெழுத்துப் போடவில்லையே.

அந்த வாரம் ஒரு மதியம், ஜன்னலோரம் நாற்காலியில் கணவரை உட்கார வைத்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்து அவருடைய வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். மடக்கியே கிடக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும். நடுவிரலுக்கு வந்தபோது சொல்ல ஆரம்பித்துவிட்டார். யோசித்து ஆரம்பித்தது இல்லை.

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு டாக்டர் எதையும் சொல்லல. நான்தான் உறிஞ்சச் சொன்னேன். கவரைக் கிழிக்கவே விடல. உள்ள வலைன்னு இருந்துச்சு. அதை முதல்ல போட்டிருந்தா ஒருவேளை… எனக்குத் தெரியல. எல்லாம் ஒண்ணுதான்னு இப்ப சொல்றாங்க. இருந்தாலும் உங்களைக் கேக்காம நானே சொன்னேன். உங்களுக்கு என்ன வேணும்னு கேக்க முடியல.”

மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது புரிந்த மாதிரிதான் இருந்தது. புருவம் லேசாக ஏறியது.

“சரி” என்றார்.

“எது சரி?”

அவர் வாயைத் திறந்தார். நாக்கு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. இந்த முறை வேறு ஏதோ வரப்போகிறது என்று கவர் சிஸ்டர் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“சரி.”

“என் மேல கோவமா?”

“சரி.”

இடது கை எழுந்து வந்து அவர் தோளில் ஒரு தடவை தட்டியது. தட்டியதா, ஏதாவது பேசச் சொல்லி உலுக்கியதா, அல்லது போதும் நிறுத்து என்றதா, அவருக்குப் புரியவில்லை. வாசலில் மணி அடித்தது. உடற்பயிற்சி கொடுக்க வருகிறவர். கவர் சிஸ்டர் இன்னும் இரண்டு விரல் பாக்கி இருக்கும் அந்தக் கையை மெல்ல அவர் மடியில் வைத்துவிட்டு, கதவைத் திறக்க எழுந்து போனார்.